சாரல் காலத்து ஃபேன்

குற்றாலத்துச் சாரலை வருஷத்துக்கு ஒரு நாள் வந்து அனுபவிக்கிறவர்களுக்கு அது பெரிய வரம். அருவியில் தலையைக் கொடுத்து நின்று, ஈரத் துண்டோடு சூடாக பஜ்ஜி தின்றுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். மேலகரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அது வரமும்தான், வேலையும்தான். ஆனி பிறந்துவிட்டால் தீப்பெட்டி உரசினால் பிடிக்காது. அப்பளம் துவண்டு போகும். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அதனால் நனையக் கூடாதது, நமுக்கக் கூடாதது எதுவானாலும் தகர டின்னுக்குள் போய்விடும். தீப்பெட்டி, சூடம், அப்பளம், வற்றல், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் பழைய பிஸ்கட் டின்களுக்குள் மூடி அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். நடுவே ஒரு நாள் நல்ல வெயில் அடித்தால் தெரு முழுக்க டின்களைத் திறந்து காய வைப்பார்கள். சாயங்காலம் திரும்ப மூடி உள்ளே வைப்பார்கள்.

முத்துச்செல்வத்துக்கு இதெல்லாம் ஒரு தொல்லையே இல்லை. அவருடைய தொல்லை தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன்தான்.

அவர் வயர்மேன். மேலகரத்து வீடுகளிலும் குற்றாலத்து லாட்ஜுகளிலும் அவர் கை படாத சுவிட்ச் போர்டு குறைவு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாட்ஜ் மாடியில் சீரியல் விளக்குக் கட்டும்போது ஏணி வழுக்கி, கழுத்து அடிபட விழுந்தார். உயிர் தங்கியது. கால் இரண்டும் விளங்காமல் போய்விட்டது. கையைத் தூக்கலாம், மடக்கலாம். விரலுக்குத்தான் பிடிமானம் இல்லை. கட்டிலுக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட கயிற்று வளையத்தில் கையைக் கோத்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரண்டுகொள்வார். தலைமாட்டில் தொங்கும் பாட்டிலிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் குடிப்பார். ஒரு சுவிட்சைத் தட்ட மட்டும் அவரால் ஆகாது. கட்டிலோரம் ஒரு தொங்கு சுவிட்ச் போட்டுப் பார்த்தார்கள். விரல் அதில் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஊருக்கெல்லாம் சுவிட்ச் போட்ட மனுஷன் அன்றைக்கு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொல்லியனுப்பினார். இவர் உடம்புக்கு இனிமேல் வேர்க்கவும் தெரியாது, நடுங்கவும் தெரியாது. வெளியே என்ன சூடோ அதுதான் உடம்புக்குள்ளும். புழுங்கினால் ஃபேன் போட வேண்டும், குளிர்ந்தால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். வேறு ஊரில் இது சுலபம். மேலகரத்தில் ஆனி ஆடியில் அப்படியா? இப்போது சுள்ளென்று வெயில் அடிக்கும், ஓட்டு வீடு அடுப்பாகும். அடுத்த நிமிஷம் மலையிலிருந்து மேகம் இறங்கும், ஆரியங்காவுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியாகச் சாரலை விசிறும். பிறகு மறுபடி வெயில். ஒரு பகலுக்குள் ஃபேனை எத்தனை தடவை போட்டு நிறுத்துவது?

மனைவி குருவம்மாள் விடிந்ததும் குற்றாலத்தில் ஒரு மெஸ்ஸுக்குச் சமையலுக்குப் போய்விடுவாள். சீசன் நாளில் அங்கே அவள் கைப் பொங்கலுக்கும் அவியலுக்கும் ஆள் வரிசையில் நிற்கும். மத்தியானப் பந்தி முடிந்து பாத்திரம் கவிழ்த்துவிட்டுத்தான் வருவாள். அவள் போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அவள் திரும்பும் வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு யோகலட்சுமி.

இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் புருஷன் சுடலைமணி கேரளாவுக்கு லோடு ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கிற நாள் குறைவு. முத்துச்செல்வம் "யோகலட்சுமி!" என்று ஒரு குரல் கொடுத்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி" என்று பதில் வரும். வெங்காயம் நறுக்கிய கை, சோப்பு நுரைக் கை, மாவுக் கை என்று எந்தக் கையோடு இருந்தாலும் வருவாள். புறங்கையால் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. போன வருஷம் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சாரல் இறங்கி, ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்து, அவருக்கு நெஞ்சில் சளி கட்டித் தென்காசி ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதாயிற்று. அதற்கு அவள் அழுத அழுகையைப் பார்த்தவர்கள், அவள்தான் மேகத்தைக் கூட்டி வந்தாளோ என்று நினைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு ரேஷன் கடைக்குக்கூடக் குருவம்மாள் வீடு திரும்பின பிறகுதான் போவாள்.

இப்படி இருக்கும்போதுதான் யோகலட்சுமியின் மகள், சென்னையில் வாழ்க்கைப்பட்ட இசக்கிச்செல்விக்கு நாள் நெருங்கியது. தலைப்பிரசவம். தாய் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்க வேண்டும். மகளுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, பயணம் கூடாது என்று சென்னை டாக்டர் சொல்லிவிட்டார். தாய்தான் அங்கே போக வேண்டும். வெள்ளிக்கிழமை பொதிகை ரயிலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. போட்ட டிக்கெட்டைப் பற்றி யோகலட்சுமி பேசவே இல்லை. சுவரைத் தாண்டி அவள் மகளோடு போனில் பேசுவதுதான் முத்துச்செல்வத்துக்குக் கேட்டது.

"உங்க அத்தை இருக்காள்லா, அவ பாத்துக்குவா. இங்கன அண்ணாச்சிய அப்படியே போட்டுட்டு எப்படிட்டி வர முடியும்? அழாத. நீ அழுதா எனக்கு மேலெல்லாம் பதறுது."

முத்துச்செல்வம் மேலே பார்த்தார். ஃபேன் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெண் பிள்ளை தலைப்பிரசவத்துக்கு ஆத்தாளைக் கூப்பிட்டு அழுகிறது, அந்த ஆத்தாள் இவரை விட்டுப் போக மாட்டாமல் நிற்கிறாள். அதை நினைக்க நினைக்க அவருக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

கடையநல்லூர் முகம்மது யூசுப் அந்தச் சமயத்தில் லீவில் வந்திருந்தது பெரிய காரியம். யூசுப்பும் அவரும் ஒன்றாக வயர் இழுத்தவர்கள். இந்த வீட்டுக்கு வயரிங் செய்ததே இரண்டு பேரும் சேர்ந்துதான். பிறகு யூசுப் சவூதிக்கு, தம்மாமுக்குப் போனார். லீவில் வந்தால் முதல் ஞாயிறு தன் வீட்டில், இரண்டாம் ஞாயிறு முத்துச்செல்வம் கட்டிலோரத்தில். விஷயத்தைக் கேட்டதும் அவர் துள்ளிவிட்டார்.

"இதுக்கா வே சோறு திங்காம கெடக்கீரு? அங்கன ஒவ்வொரு வீட்லயும் வைஃபை சுவிட்ச்தான். எந்திரிக்கவே மாட்டானுவ. வாயால சொல்லுவான், லைட்டு எரியும். நான் எத்தனை மாட்டியிருக்கேன்! வாங்கிட்டு வாரேன். நீரு வாயை மட்டும் தெறந்தாப் போதும்."

"சொன்னா கேக்குமா வே?"

"உம்ம பொண்டாட்டிய விட நல்லா கேக்கும்."

"அண்ணே, எனக்குக் காது கேக்குது" என்று அடுக்களையிலிருந்து குருவம்மாள் குரல் வந்தது.

சுவிட்ச் வேலை செய்ய வீட்டில் இன்டர்நெட் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் கேபிள்காரன் பாண்டிராஜ் புறவாசல் வழியாக லைனை இழுத்து, அடுக்களைச் செல்ஃபில் மோடத்தை வைத்து, தன் போனில் சினிமாப் பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டுப் போனான். பாஸ்வேர்டு, குருவம்மாளின் செல் நம்பர். அவன் போனதும் குருவம்மாள் மெஸ்ஸுக்குக் கிளம்பினாள். பத்து மணிப்போல யூசுப் வந்தார். கையில் சுவிட்ச், தோளில் பழைய டூல்ஸ் பை, மறு கையில் தூக்குவாளி. அவர் மனைவி மிஸ்ரியா நெய்ச்சோறும் தாளிச்சாவும் கொடுத்தனுப்பியிருந்தாள்.

மெயினை நிறுத்திவிட்டு யூசுப் போர்டைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வே, நாம அன்னைக்கு முறுக்கின முறுக்கு அப்படியே இருக்கு. இந்தச் சுவிட்சுக்கு நியூட்ரல் வயரும் வேணும். இருக்கா இல்லையான்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன்."

"கீழ ப்ளக் பாயிண்டுக்கு இழுத்தது இருக்கும். கறுப்பு. நீருதான் வேண்டாம்னு சண்டை போட்டீரு."

"நானா?"

"நீருதான். வயரு வீணுன்னீரு."

"செரி, விடும். அன்னைக்கு நான் கோட்டிப்பய."

முத்துச்செல்வம் படுத்த இடத்திலிருந்தே அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயரைச் சீவுவதும், முறுக்குவதும், டேப் சுற்றுவதும். நாலு வருஷமாகப் பார்க்காத வேலை. தன் கையே அங்கே வேலை செய்வதுபோல அவருக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இந்த மனுஷன் லீவு நாளில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்காமல் இங்கே வந்து சுவரில் தூசி தட்டிக்கொண்டிருக்கிறானே என்று நினைத்தார். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"டேப்பை இன்னொரு சுத்து சுத்தும்" என்றார்.

மாட்டியாயிற்று. மெயினைப் போட்டதும் சுவிட்சில் ஒரு பொட்டு நீல விளக்கு மினுக்கு மினுக்கு என்று மினுக்கியது. யூசுப் போனை எடுத்தார். அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது.

"வே, ஒரு காரியம். அங்கன நான் மாட்டத்தான் செய்வேன். போன்ல கனெக்சன் குடுக்கதெல்லாம் ஒரு பிலிப்பினோ வந்து பண்ணிட்டுப் போவான். இது எனக்கு முதல் தடவை."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீரு நம்பிக்கையை விட்டுருவீருல்லா?"

பட்டனை அழுத்திப் பிடித்தார், விட்டார், மறுபடி அழுத்தினார். போனில் வட்டம் சுற்றியது, கிடைக்கவில்லை என்றது. வைஃபை பெயர் மட்டும் தெரிந்தது, பக்கத்தில் ஒரே ஒரு கோடு. மோடத்தைப் போய்ப் பார்க்கலாம் என்றால் அது அடுக்களையில். வீட்டுப் பொம்பளை இல்லாத நேரத்தில் அடுத்த வீட்டு அடுக்களைக்குள் கால் வைக்கிற பழக்கம் யூசுப்புக்குக் கிடையாது. நடையில் நின்று எட்டிப் பார்த்தார். வயர் செல்ஃபுக்கு ஏறிப் பாத்திரங்களுக்குப் பின்னால் போயிருந்தது. குருவம்மாளுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"மோடத்தை எங்கன வச்சிருக்க, தங்கச்சி?"

"பத்திரமா இருக்குண்ணே. சொட்டுச் சாரல் படாது."

பாண்டிராஜுக்குப் போட்டார். "லைன் பக்காவா இருக்கு அண்ணாச்சி, இங்கன இருந்தே தெரியுது" என்றான் அவன். இதற்கு மேல் யாரை என்ன கேட்பது? மத்தியானம் வரை யூசுப் பட்டனை அழுத்தினார். நடுவே இரண்டு தடவை மேகம் இறங்கியது. இரண்டு தடவையும் யோகலட்சுமிதான் வந்து, புதுச் சுவிட்சைப் புறங்கையால் தட்டிவிட்டுப் போனாள். கையால் தட்டினால் அது ஒழுங்காக வேலை செய்தது.

சாயங்காலம் குருவம்மாள் வந்தாள். சேலைத் தலைப்பால் தலையைத் துடைத்துக்கொண்டு நேராக அடுக்களைக்குள் போனாள். "அண்ணனுக்கு ரெண்டு அப்பளம் பொரிக்கேன்" என்றாள். செல்ஃபில் டின் திறக்கிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து யூசுப்பின் போன் டிங் என்றது. சுவிட்சில் நீல விளக்கு மினுக்குவதை நிறுத்திவிட்டு நிலையாக நின்றது.

"ஏ, புடிச்சிட்டு வே! புடிச்சிட்டு!" என்று கத்தினார் முத்துச்செல்வம்.

"சுவிட்சுக்குப் பேரு வைக்கச் சொல்லுது பாரும். என்ன வைக்க?" என்றார் யூசுப், போனைப் பார்த்து.

"பொறவு வைக்கலாம். மொதல்ல நிப்பாட்டும்!"

யூசுப் போனில் தொட்டார். ஃபேன் நின்றது. தொட்டார். சுற்றியது. முத்துச்செல்வத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. குருவம்மாள் டின்னை அழுத்தி மூடிவிட்டு, கையில் அப்பளத்தோடு ஓடி வந்தாள்.

"எங்க, எங்க? எனக்குக் காட்டுங்க!"

யூசுப் தொட்டார். ஃபேன் அசையவில்லை. நீல விளக்கு மறுபடி மினுக்க ஆரம்பித்திருந்தது.

புதன்கிழமையும் இதே கதை. பகல் முழுக்கப் பிடிவாதம். குருவம்மாள் வந்து டின்னிலிருந்து தீப்பெட்டி எடுக்கையில் ஒரு நிமிஷம் வேலை செய்தது, அவள் பார்க்க வரும்போது நின்றுவிட்டது.

"தங்கச்சிக்கும் இதுக்கும் ஏதோ ஆகாது வே" என்றார் யூசுப். சிரிப்பதற்காகச் சொன்னார், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. "டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டான் போல. நான் பெருசா பீத்திக்கிட்டேன். என்னைய மன்னிச்சிரும்."

"கோட்டி மாதிரி பேசாதேயும். நீரு வந்து நின்னீரே, அது போதும்" என்றார் முத்துச்செல்வம். நேற்று வராத வார்த்தை இன்றைக்கு வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் யோகலட்சுமி சுக்குக் காப்பியோடு வந்தாள். குருவம்மாளிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டு, சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"மைனி, நான் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன். நாளைக்கு அவுக பண்ணிருவாக. இசக்கிக்கிட்டயும் சொல்லிட்டேன். பேறு காலம் முடிஞ்சு பிள்ளையத் தூக்கிட்டு அவளே இங்க வரட்டும்."

குருவம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "என்னட்டி பேசுத? நான் மெஸ்ஸுக்குப் போகாம நின்னுக்கிடுதேன். நீ போ."

"சீசன்ல நீங்க நின்னா அப்புறம் உங்களுக்கு அங்க எடம் இருக்குமா? சொல்லுங்க."

முத்துச்செல்வத்துக்குக் கோபம் வந்தது. இன்னார் மேல் என்றில்லாத கோபம்.

"யோகம்மா, நீ போகலைன்னா நான் உன்னையக் கூப்பிட மாட்டேன். ஃபேனு சுத்தட்டும். நான் குளுந்தே கெடந்து போறேன்."

"நீங்க கூப்பிடலைன்னாலும் நான் வருவேன் அண்ணாச்சி. எனக்கென்ன, வெளிய பாத்தா தெரியாதா, மேகம் எறங்குதா இல்லையான்னு?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மிஸ்ரியா அன்றைக்கும் கொடுத்தனுப்பியிருந்த நெய்ச்சோற்றையும் முத்துச்செல்வம் தொடவில்லை, சுடு கஞ்சியையும் தொடவில்லை. குருவம்மாள் வாயருகே கொண்டுவந்த கரண்டியைத் தள்ளிவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாய் வாங்கிக்கொண்டார். காலையிலிருந்து அடுப்படியில் நின்றவள், திரும்பி வந்தும் ஊட்டிவிடுகிறாள். அவளையும் அழ வைத்து என்ன ஆகப்போகிறது?

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து வெயில். மலை உச்சி வரை துடைத்து வைத்த மாதிரி தெரிந்தது. சாரல் காலத்தில் இப்படி ஒரு நாள் வாய்த்தால் மேலகரத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா? பாய், தலையணை, கம்பளி, வற்றல், டின் எல்லாம் வெளியே வந்தன. குருவம்மாள் வேலைக்குப் போய்விட்டாள். போனால் என்ன, அவள் வீட்டுச் சாமானையும் சேர்த்துக் காயவைக்கிறது யோகலட்சுமி வழக்கம். அடுக்களைக்குள் போய் டின்களை ஒவ்வொன்றாகப் புறவாசலுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் யூசுப் சுவிட்சைத் திரும்பக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரோடு நின்றார். கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கி வருவதாகத் திட்டம். ஓடு சுட்டது. அறை புழுங்கியது. முத்துச்செல்வத்துக்கு முகம் சிவந்து தலை கனத்தது. பழக்கமாகக் கூப்பிடப் போனார். நேற்றுச் சொன்ன வீம்பு ஞாபகம் வர வாயை மூடிக்கொண்டார். வாயால் சொன்னால் கேட்கும்படி யூசுப் தயார் செய்து தலைமாட்டில் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த தன் போனைப் பார்த்தார். சும்மா கிடக்கிறதுக்கு இதையாவது சொல்லிப் பார்ப்போம் என்று போனைக் கூப்பிட்டு, "ஃபேன் ஆன்" என்றார். ஒன்றும் நடக்கவில்லை.

உள்ளே யோகலட்சுமியின் குரல் கேட்டது.

"இந்த டின்னு என்ன வரமாட்டேங்கு? வயரு கோத்துக் கெடக்கு. அண்ணாச்சி, மைனி இதுக்குள்ள என்னத்தை வச்சிருக்காக?"

மூடி கழலுகிற சத்தம்.

"யாத்தே! உள்ள ஒரு பொட்டி மினுக்கு மினுக்குங்கு! அப்பளத்துக்கு நடுவுல! தொட்டா கொதிக்கி!"

யூசுப் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. நீல விளக்கு நிலையாக நின்றிருந்தது. "சொல்லும் வே, இன்னொரு மட்டம் சொல்லும்!" என்று கத்தினார்.

முத்துச்செல்வம் சொன்னார். ஃபேன் ஒரு முனகலோடு அசைந்து, சுற்ற ஆரம்பித்தது. காற்று முகத்தில் பட்டது. நாலு வருஷத்தில் அவர் தானாகப் போட்டுக்கொண்ட முதல் காற்று.

யோகலட்சுமி அப்பளக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடையில் வந்து நின்றாள். ஃபேனைப் பார்த்தாள், சுவிட்சைப் பார்த்தாள், அதன் பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்தாள்.

"யாரு போட்டா?"

"அண்ணாச்சிதான் போட்டாரு" என்றார் யூசுப். "மோடத்தைத் தகரத்துக்குள்ள அடைச்சு வச்சா சிக்னல் பாவம் எப்படித் தங்கச்சி வெளிய வரும்? உன் மைனி டின்னைத் தெறக்கும்போதெல்லாம் வேலை செஞ்சிருக்கு, மூடினா நின்னுருக்கு. நாங்க ரெண்டு வயர்மேனும் உக்காந்து பட்டனை அமுக்கிட்டு இருந்திருக்கோம்!"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் தெருவில் பாய் காயவைத்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வேலை முடிந்து வந்த குருவம்மாளுக்குத்தான் மானம் போன மாதிரி ஆகிவிட்டது. "போன சாரல்ல டிவி பொட்டி நமுத்துப் போய்ச் செத்துப்போச்சுல்லா? அதான் இதையாவது காப்பாத்துவோம்னு மூடி ஓரத்தை நெளிச்சு உள்ள வச்சேன். சூடா வேற இருந்துச்சா, அப்பளம் மொறுமொறுன்னு இருந்துச்சு. நல்லதுக்குத்தானேன்னு இன்னும் ரெண்டு கட்டு சேத்து வச்சேன்" என்றாள்.

"அந்த அப்பளத்தைத்தான நான் ரெண்டு நாளா தின்னேன்? நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் யூசுப்.

மோடம் செல்ஃபின் மேல்தட்டில் திறந்தவெளிக்கு வந்தது. சாரல் படாமல் இருக்க மேலே ஒரு பிரம்புத் தட்டைக் கவிழ்த்தார்கள். சுடலைமணிக்குப் போன் போனது. டிக்கெட்டைக் கேன்சல் செய்ய மறந்து தூங்கிவிட்டதாக அவர் திட்டு வாங்கத் தயாராக இருந்தார். அந்த மறதிக்கு அன்றைக்கு அவருக்குக் கிடைத்த பாராட்டு அவர் ஆயுசில் கிடைத்ததில்லை.

"பேரு வைக்கணும்னு இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு வே" என்றார் யூசுப். "இப்ப வெறும் ஃபேன்னு இருக்கு. மாத்தலாம்."

முத்துச்செல்வம் அவரைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் சொன்னார். யூசுப் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டைப் அடித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் யோகலட்சுமி ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷனில் கொண்டுவிட யூசுப் பைக்கோடு வந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி இழுக்கிற சத்தம். மலையில் மேகம் இறங்கி, முதல் சாரல் ஜன்னலில் விழுந்தது. முத்துச்செல்வம் தொண்டையைச் செருமிக்கொண்டார். போனைக் கூப்பிட்டார். பிறகு வழக்கமான அதே குரலில் சொன்னார்.

"யோகலட்சுமி, ஆஃப்."

ஃபேன் தளர்ந்தது. கூடவே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி!"

பட்டுச் சேலை பாதி மடிப்போடு, கையில் சேலை ஊக்கோடு ஓடி வந்தாள். சுவிட்சுக்கு நீட்டிய கை பாதியில் நின்றது. ஃபேன் கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது.

"என் பேரையா வச்சிருக்கீக? ஃபேனுக்கா?"

"கோவமா?"

"பின்ன? மைனி பேரை வச்சிருக்கலாம்லா? ஊருக்குள்ள சொல்லிச் சிரிப்பாக" என்றாள். குரல் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

"யோகம்மா" என்றார் முத்துச்செல்வம். இதை அவர் நேற்றிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே கிடந்தார். "நாலு வருஷமா ஒரு வார்த்தை சொன்னதில்ல உனக்கு. சொன்னா நீ ஏசுவியோன்னு பயம். நீ எனக்குக் கூடப்பொறக்கல. கூடப்பொறந்தவுககூட இப்படி ஓடி வரமாட்டாக. நான் இன்னும் மூச்சு விடுதேன்னா அதுல நீ போட்ட காத்தும் இருக்கு. உனக்கு நன்றிம்மா. யூசுப்புக்கும் சொல்லுதேன். என் பொண்டாட்டிக்கும் சொல்லுதேன், அவ டின்னுக்குள்ள வச்சதுக்கும் சேத்து."

குருவம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். யூசுப் டூல்ஸ் பையில் எதையோ தேடினார். அதில் தேட ஒன்றுமில்லை.

யோகலட்சுமி கண்ணைத் துடைத்தாள். ஊக்கை மாட்டினாள். "எனக்கு ரயிலுக்கு நேரமாவுது" என்றாள். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். குருவம்மாள் அந்த டின் அப்பளத்தை இரண்டு கட்டாகக் கட்டிக் கொடுத்தாள். யூசுப் பைக்கில் ஏற்றிக்கொண்டு தென்காசி ஸ்டேஷனுக்குப் போனார்.

மறுநாள் குருவம்மாள் வேலைக்குப் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரம் வெயில் அடித்தது, அவர் சொன்னார், ஃபேன் சுற்றியது. மத்தியானம் போன் அடித்தது. தானாகவே ஸ்பீக்கரில் எடுக்கிற மாதிரி யூசுப் செய்து வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, பெண் பிள்ளை! ரெண்டு பேரும் நல்லா இருக்காக. வந்து எறங்கின கையோட பிள்ளைய என் கையிலதான் குடுத்தாக." பின்னால் ஒரு பூஞ்சைக் குரல் வீறிட்டது. "கேக்குதா? கேக்குதா உங்களுக்கு?"

"கேக்குதும்மா. நல்லா கேக்குது."

"அங்கன சாரல் உண்டா? ஃபேனு நிப்பாட்டியாச்சா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். மேகம் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. "இந்தா நிப்பாட்டுதேன்" என்றார். யோகலட்சுமி போனை வைத்ததும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், ஃபேன் நின்றது. பழக்க தோஷத்தில் காது சுவர் பக்கம் போனது. அங்கே சத்தம் எதுவும் இல்லை.

"சரிம்மா" என்றார் சுவரைப் பார்த்து. "நீ அங்கன இருந்து பிள்ளையப் பாரு."